மேற்குச் சுவரின் வெடுக்கு

மீன்பெட்டி செய்கிற சாமானால் வீட்டுக்குச் சட்டை போடலாம் என்று என் மகன் சொன்னபோது, கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

தனோஜன் கனடாவில் வீடுகளுக்கு வெளிச்சுவர்ப் பலகை அடிக்கிற வேலை செய்கிறான். ஊரில் யாரும் கேட்டால் கட்டட வேலையில் இருக்கிறான் என்று சொல்லுவேன். அதற்கு மேல் விளக்கம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லுவதில்லை. அன்று அவன் தொடங்கியது தாயின் அறைச் சுவரைப் பற்றி.

எங்கள் வளவு ஒழுங்கை முடக்கில் இருக்கிறது. வடக்கே படலை. மேற்கு அறையின் சுவர் ஒழுங்கையை ஒட்டி நிற்கிறது. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து அந்தச் சுவர் சரிந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கையில் இருந்ததைக் கொண்டு சிமெந்துக் கல்லால் ஒற்றைச் சுவர் எழுப்பி, சாரல் அடிக்காமல் வெளியே தகரம் அடித்தோம். தற்காலிகம் என்றுதான் அடித்தோம். அது துருப்பிடித்து ஓட்டை விழும்வரை நின்றது. பின்னேர வெயில் அந்தத் தகரத்தில் ஏறினால் சுவர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும். என் மனைவி குணலட்சுமி இடுப்பு எலும்பு முறிந்து அந்த அறையில்தான் கிடக்கிறாள். குளியலறை அதற்குத்தான் கிட்ட.

நான் திரும்பி வந்து கைபேசியை நிமிர்த்தியபோதும் அவன் அங்கேயேதான் இருந்தான்.

"அப்பா, சொல்லுறதைக் கேளுங்கோ. தகரத்தைக் கழட்டத்தானே போறியள். சும்மா புதுத் தகரம் அடிச்சா அம்மா பழையபடி அவிஞ்சுகொண்டுதான் கிடப்பா. சுவரோடை சேர்த்து ரெஜிபோம் தகடு வைக்கச் சொல்லுங்கோ. மூட்டு எல்லாத்துக்கும் பசை ரேப் ஒட்டவேணும். அதுக்கு மேலை றீப்பைச் சட்டம் அடிச்சு, சிமெந்துப் பலகை பூட்டினாச் சரி. இஞ்சை எல்லா வீடும் உப்பிடித்தான்."

"ரெஜிபோம் எண்டா என்னெண்டு தெரியுமே உனக்கு? கலியாண மண்டபத்திலை அன்னம் வெட்டி நிப்பாட்டுற சாமான். மீன்காரன் ஐஸ் போட்டு வைக்கிற சாமான்."

"ஓம். அவன் ஏன் அதுக்குள்ளை ஐஸ் போடுறான்? கரையாமல் இருக்கத்தானே? வெக்கையை விடாது அப்பா."

என் வாய்க்கு வந்த வார்த்தைகள் மகனிடம் சொல்லக்கூடியவை அல்ல.

குணலட்சுமிக்கு வேறு யோசனை இருந்தது. "இஞ்சாருங்கோ, உந்தச் செலவொண்டும் வேண்டாம். என்னைக் கட்டிலோடை முன் ஹோலிலை கொண்டுபோய் விடுங்கோ. அங்கை மாமர நிழல் கிடக்கு. ஒழுங்கையிலை போற வாற சனத்தையும் பாக்கலாம்."

"ஹோலிலையோ?"

"வேறை எங்கை?"

முன் ஹோல் என் தகப்பனார் ஊர்ப் பிணக்குகளைக் கேட்டுத் தீர்த்த இடம். அவருடைய படமும் பூட்டனாரின் படமும் அங்கே மாட்டியிருக்கின்றன. வருகிறவன் கதிரையில் இருந்து தண்ணீர் குடிக்கிற இடத்தில் மூத்திரச் சட்டியும் மருந்துத் தைலமுமா? பெண்சாதியின் படுக்கையை ஊருக்குக் காட்டுகிற குடும்பம் நாங்கள் அல்ல. அது நடக்காது என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பவும் முடியாமல், என் பக்கம் பார்க்கவும் விரும்பாமல், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதன் பிறகுதான் ரெஜிபோமுக்கு நான் ஓம் என்றது.

வேலையைச் சுபாங்கனிடம் கொடுத்தேன். என் தங்கையின் மகன். சுன்னாகத்தில் அலுமினிய யன்னல், சீலிங் வேலை எல்லாம் பொறுப்பெடுத்துச் செய்கிறவன். என் சுவரில் கை வைக்கிறவன் என் இரத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பிள்ளையார் கோயில் கொடியேறுவதற்கு முதல் வேலை முடியவேண்டும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வேட்டைத் திருவிழா அன்று பிள்ளையார் ஊர்வலம் வருவார். மேற்கு ஒழுங்கையால் வந்து, எங்கள் சுவரைக் கடந்து, முடக்கில் திரும்பி, முதன்முதலாக நிற்பது எங்கள் படலையில். பூட்டனார் கோயில் கேணிக்கு நிலம் விட்ட நாளில் இருந்து அந்த மரியாதை எங்களுக்கு. துருப்பிடித்த தகரத்தைக் கடந்து சுவாமி வருவதை இவ்வளவு காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இனிப் பார்க்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் ஊரில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கொடி ஏறினால் தீர்த்தம் முடியும்வரை எந்த வீட்டுப் படலைக்குள்ளும் மச்சம் ஏறாது. மீன்காரன் தன் மோட்டார் சைக்கிளோடு எங்கள் பக்கமே திரும்பமாட்டான். மச்சச் சட்டிகளைக் கழுவிக் கோடிப்பக்கம் கவிழ்த்துவிடுவார்கள். அந்த நாட்களில் ஒரு வீட்டுக்குள் மீன் போனது என்று தெரிந்தால் அந்த வருடம் சுவாமி அந்தப் படலையில் நிற்காது. எங்கள் படலை தவறினால் அடுத்த படலை என் பெரியப்பாவின் மகன் தம்பிஐயாவுடையது. அவன் அதற்காகவே சிங்கம் வைத்த வளைவு கட்டி வைத்திருக்கிறான். சிங்கத்தின் முகம் நாயைப்போல இருக்கிறது.

சுபாங்கன் முதலில் கொழும்பில் இருந்து தகடு வரவில்லை என்றான். லொறி வரும், வரும் என்று நாளைக் கடத்தினான்.

"கொடிக்கு முதல் முடியாட்டி நீ இந்த வளவுக்குள்ளை காலடி வைக்கத் தேவையில்லை" என்றேன்.

"முடிப்பன் மாமா. நீங்கள் கதிரையிலை இருங்கோ."

அடுத்த கிழமையே தகடு கிடைத்துவிட்டது என்று வந்து நின்றான். ஒழுங்கைப் பக்கம் படங்கு கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்தான். தூசு பறக்கும் என்றான். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்த வெள்ளைச் சாமானைக் கண்ணால் காணவும் எனக்குப் பிடிக்கவில்லை. அறுக்கிற சத்தமே பல்லைக் கூசவைத்தது. வெட்டிய துகள்கள் காற்றில் வந்து மாமரத்தடியில் விழுந்து கிடந்தன. கூட்டக் கூட்ட விளக்குமாற்றில் ஒட்டிக்கொண்டு வந்தன. துளசி மாடத்தில்கூட விழுந்திருந்தது. என் வேட்டிக் கரையில் ஒட்டியதைத் தட்டினேன், கைக்கு மாறியது. கையைத் தட்டினேன், மற்றக் கைக்கு மாறியது. இப்படி ஒரு அருவருப்பான பொருளை நான் கண்டதில்லை.

படங்கைக் கழற்றியபோது சுவர் சந்தன நிறப் பூச்சோடு பலகை பலகையாக நின்றது. பார்க்கக் கண்ணுக்குக் குறைவில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தம்பிஐயா வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, பெட்டி மாதிரிச் சத்தம் கேக்குது?"

"உன்ரை சிங்கத்தையும் ஒருக்காத் தட்டிப் பார். அதுவும் குரைக்கும்" என்றேன்.

அன்று பின்னேரம் நான் மேற்கு அறைக்குள் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். சுடவில்லை. குணலட்சுமி வாய் திறந்தபடி நித்திரையாய்க் கிடந்தாள். அந்த அறையில் அவள் பகலில் நித்திரை கொண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கொடி ஏறியது. முதல் இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. பிறகு எதிர்பாராமல் ஒரு மழை அடித்து, மறுநாள் வெயில் கொளுத்தியது. மத்தியானம் தேவாரம் படித்துவிட்டு எழும்புகிறேன், மூக்கில் ஏறியது. வெடுக்கு. மீன் வெடுக்கு.

முதலில் நான் நம்பவில்லை. பிறகு குசினிக்குப் போனேன். சட்டிகளைத் திறந்து பார்த்தேன். பூசணிக்காய்க் கறி, பருப்பு, கீரை. அடுப்படியில் நின்றவள் அருமைநாயகி. குணலட்சுமியின் சின்னம்மா மகள். புருஷன் கட்டாரில், அக்காவைப் பார்த்துக்கொள்ள விடிய வந்து பொழுதுபடப் போவாள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னத்தைத் தேடுறியள் அத்தான்?"

"உன்ரை பைக்குள்ளை என்ன கிடக்கு?"

"பையோ? குடையும் சீப்பும். ஏன்?"

"கருவாடு ஏதும் வாங்கி வைச்சிருக்கிறியோ எண்டு கேக்கிறன். வீடு நாறுது."

அவள் கையில் இருந்த அகப்பையை மெதுவாகச் சட்டிக்குள் வைத்தாள். பையை எடுத்து என் காலடியில் தலைகீழாகக் கொட்டினாள். குடை, சீப்பு, ஒரு திருநீற்றுப் பொட்டலம், பனடோல்.

"வடிவாப் பாருங்கோ. குடையையும் விரிச்சுப் பாருங்கோ, மீன் ஒட்டிக் கிடக்கும். கொடி ஏறின வீட்டுக்குள்ளை மச்சம் கொண்டு வாற சாதியோ நான்? அக்காவின்ரை மூத்திரம் அள்ளுறன், உங்கடை வாயையும் அள்ளவேணுமோ?"

"சத்தம் போடாதை. ஒழுங்கையிலை சனம்."

"ஓ, சனத்துக்குக் கேக்கக்கூடாது!"

அவள் போகும்போது வேண்டுமென்றே படலையை அறைந்து சாத்தினாள். சனத்துக்குக் கேட்டது. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை: அருளம்பலத்தார் வீட்டில் கொடிக்குள் மீன் சமைத்ததாம், அருமைநாயகி கருவாடு கொண்டு போனதாம், அவர் பிடித்துத் துரத்திவிட்டாராம். கதையில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ஏனென்றால் அவள் போன பிறகும் வெடுக்கு நின்றது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது.

காட்டிக்கொடுத்தவை பூனைகள். மறுநாள் காலையில் முடக்கில் திரும்பியபோது, சந்தனச் சுவரின் முன்னால் ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் வரிசையாகக் குந்தி இருந்தன. ஒன்று நிலத்தோடு ஒட்டிய பலகையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. தம்பிஐயா வீட்டுக் கடுவன் பூனை என்னைக் கண்டும் அசையவில்லை. சுவாமி பார்க்க வந்த பக்தர்கள்போல எல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் அலவாங்கை எடுத்து வந்து அடிப்பலகையை நெம்பினேன். பலகை பிளந்து விழுந்தது. உள்ளே இருந்தது தகடு அல்ல. மீன்பெட்டியின் பக்கங்கள். பெட்டி பெட்டியாக வெட்டி, தட்டையாக்கி, துண்டு துண்டாகப் பொருத்தி, மூட்டுக்கு மூட்டு ரேப் ஒட்டியிருந்தான். ஒன்றில் மூடி பிடிக்கிற பள்ளம். இன்னொன்றில் நீல மையால் யாரோ ஒரு மீன்பிடிச் சம்மாட்டியின் பெயரின் முதலெழுத்துகள். மழைத் தண்ணீர் பின்னால் இறங்கி ரெஜிபோம் மணிகளுக்கிடையில் ஊறி, மஞ்சளாய் வழிந்துகொண்டிருந்தது. செதில்கள் ஒட்டிக்கிடந்தன. கீழ் ஓரத்தில் புழு நெளிந்தது. அந்தச் சுவருக்கு மற்றப் பக்கத்தில் என் மனைவியின் தலையணை.

ஒழுங்கை ஓரத்தில் குனிந்து நின்று சத்தி எடுத்தேன். பூனைகள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தன.

சுபாங்கன் வந்து பார்த்தான். முகத்தில் வெட்கம் இல்லை. பிடிபட்ட எரிச்சல்தான் இருந்தது.

"கொழும்பு லொறி வரேல்லை மாமா. நீங்கள் கொடி, கொடி எண்டு நெருப்பிலை நிண்டியள். மயிலிட்டி மீன் துறையிலை என்ரை சிநேகிதன் ஒருத்தன், உடைஞ்ச பெட்டியள் குவிஞ்சு கிடக்கு எண்டான். நல்லாக் கழுவித்தான் வெட்டினனான். பிளீச் போட்டுக் கழுவினது. அதுவும் இதுவும் ஒரே சாமான்தான். மாமி குளிராத்தானே படுத்தவ?"

"என்ரை வீட்டுச் சுவருக்குள்ளை மீன்பெட்டி வைச்சனியோ?"

"வெளியிலை தெரியாதுதானே."

வெளியில் தெரியாது. இந்தத் தலைமுறைக்கு அது போதும்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, நாளைக்கு வேட்டைத் திருவிழா. இப்ப கழட்டினா ஊர் சிரிக்கும். பலகையைத் திருப்பி அடிச்சு விடுறன். சுவரைச் சுத்திச் சாம்பிராணி போடுவம். ஆரும் கேட்டா, அருமைநாயகி அன்ரியின்ரை கருவாடுதான், இப்ப கழுவியாச்சு எண்டு சொல்லுங்கோ. சனம் அதை ஏற்கெனவே நம்பியிட்டுது. தீர்த்தம் முடிய நான் மாத்தித் தாறன்."

நான் அவனையே பார்த்தேன். என் தங்கையின் மூக்கு, எங்கள் குடும்பத்து நெற்றி. பெட்டிக்குள் புழுத்ததைவிட இது எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பிஐயா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். சுவருக்குக் கிட்ட வராமல் படலையிலேயே நின்றான்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. அண்ணியும் ஏலாமல் கிடக்கிறா. வீட்டிலை பெண்பிள்ளையும் இல்லை, ஆராத்தித் தட்டுப் பிடிக்க. இந்த முறை சுவாமி எங்கடை வளைவிலை நிக்கட்டன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"ஆர் கேட்டது உன்னை?"

"சனம் கதைக்குது. நான் உங்களை விட்டுக்குடுப்பனே? அருளம்பலண்ணை சுத்தமான மனுசன், அந்தப் பொம்பிளை செய்த வேலைக்கு அவர் என்ன செய்வார் எண்டு குருக்களிட்டையே சொன்னனான்."

ஆக, குருக்கள்வரை போயிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் கெடாது. அவள் பெயர் மட்டும் கெடும். அவளோ ஊரைச் சுற்றி நின்று வழக்காடக்கூடிய ஆள் அல்ல; புருஷன் கடல் கடந்து இருக்கிறான். பழியை ஏற்க ஒரு பெண் இருக்கிறாள் என்று மருமகனும் சொல்லுகிறான், தம்பியும் சொல்லுகிறான். அந்தப் பழியின் மேல் நின்றுகொண்டு நான் நிறைகுடம் வைக்கவேண்டும்.

"தம்பிஐயா, வீட்டை போ. சுபாங்கன், ஏணியை எடு. ஒரு பலகை மிச்சமில்லாமல் கழட்டு."

அலவாங்கு விழுகிற சத்தம் கேட்டுக் குணலட்சுமி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ! என்ன செய்யிறியள்?"

சொன்னேன்.

"வெடுக்கு எனக்கும் மணந்ததுதான். சொன்னா நீங்கள் கழட்டிப் போடுவியள் எண்டு சொல்லேல்லை."

"புழு நெளியுது குணம், உன்ரை தலைமாட்டிலை."

"நெளியட்டும். சுடேல்லையே. நான் நித்திரை கொண்டனானெல்லே" என்றாள். "வெறுஞ் சுவராக்கினா நாளைக்குப் பின்னேரம் நான் எங்கை கிடக்கிறது?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சுபாங்கனையும் அவனுடைய வேலைக்காரனையும் கூப்பிட்டு, கட்டிலை அவளோடு தூக்கி முன் ஹோலுக்குக் கொண்டுபோக வைத்தேன். தகப்பனாரின் படத்துக்குக் கீழே கட்டில். பூட்டனாரின் படத்துக்குக் கீழே கமோட் கதிரை. நடுவில் கயிறு கட்டிப் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டேன். ஹோல் ஆஸ்பத்திரி வார்ட்டுப்போல ஆகிவிட்டது.

"கதவை முழுக்கத் திறவுங்கோ" என்றாள்.

திறந்தேன். வேறு என்ன செய்ய?

கழற்றிய பெட்டித் துண்டுகளைச் சுபாங்கன் லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றினான். ஏற்றிவிட்டுப் படங்கை விரித்தான்.

"படங்கை மடி" என்றேன்.

"மாமா, பட்டப்பகல். சனம் பாக்கும்."

"பாக்கட்டும். மூடாமல் கொண்டுபோ. கோயில் வீதியாலை போகாதை, சந்தைப் பக்கத்தாலை போ. எடுத்த இடத்திலையே கொண்டுபோய்ப் போடு. பின்னுக்கு நீ ஏறி இரு."

"நானோ? அதுக்கு மேலையோ?"

"நீதான் கழுவினனீ. உனக்கு மணக்காது."

அவன் ஏறி இருந்தான். மயிலிட்டிப் பக்கம் அந்த வண்டி போனதை ஊரே பார்த்தது. பூனைகள் முடக்குவரை பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தன.

மறுநாள் காலை சுவரை மஞ்சள் தண்ணீரால் கழுவுவித்தேன். சிமெந்துக் கல், ஆணித் துவாரங்கள், பசை ஒட்டிய திட்டுகள், ஷெல் விழுந்த இடத்தில் அவசரமாகப் பூசிய பூச்சு. தகரத்துக்குப் பின்னால் இத்தனை காலம் மறைந்திருந்தது எல்லாம் ஒழுங்கையைப் பார்த்து நின்றது. பிறகு குளித்து, உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு அருமைநாயகி வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியிலேயே நின்றேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வெடுக்கு சுவருக்குள்ளையிருந்து வந்தது. உன்ரை பைக்குள்ளையிருந்து இல்லை. சொல்லத்தான் வந்தனான்."

"லான்ட்மாஸ்ரரிலை போகேக்கை கண்டனான். உங்கடை மருமோன் ராசா மாதிரி மேலை இருந்து போனார்."

"பின்னேரம் தட்டுப் பிடிக்க ஆள் இல்லை. வா."

"ஏன், கருவாட்டுக்காரி பிடிச்ச தட்டைப் பிள்ளையார் ஏற்பாரோ?"

"அதுதான் சொல்லியிட்டனே, பிழை எண்டு."

விளக்குமாற்றை நிலத்தில் தட்டிக்கொண்டே சொன்னாள். "என்ரை படலையிலை வந்து என்ரை காதுக்கை சொன்னா எனக்கென்ன லாபம்? என்னைக் கள்ளியாக்கினது றோட்டிலை. றோட்டிலை சொல்லுங்கோ. சொன்னா வாறன்."

நான் திரும்பி வந்தேன்.

பின்னேரம் படலையில் மேசை வைத்து, வெள்ளை விரித்து, நிறைகுடம் வைத்தேன். மேளச் சத்தம் மேற்கு ஒழுங்கையால் வந்தது. அருமைநாயகி பச்சைச் சேலையோடு வந்து வேலியோரம் நின்றாள், படலைக்குள் வரவில்லை. தம்பிஐயாவின் வளைவில் மின்குமிழ்கள் எரிந்துகொண்டிருந்தன. அவனுடைய மேசையும் தயாராக இருந்தது. சுவாமி வெறுஞ் சுவரைக் கடந்து முடக்கில் திரும்பியது. சனம் சுவரையும் பார்த்தது, என்னையும் பார்த்தது. குருக்கள் எங்கள் படலைக்கு முன்னால் தயங்கினார். தம்பிஐயா நாலு அடி முன்னுக்கு வந்து, "இஞ்சாலை கொண்டு வாங்கோ ஐயா" என்று கையைக் காட்டினான்.

"குருக்கள் ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "கொடி ஏறின பிறகு இந்த வீட்டிலை மீன் வெடுக்கு மணந்தது உண்மை. அது என்ரை மேற்குச் சுவருக்குள்ளை வைச்ச மீன்பெட்டி. என்ரை மருமகன் வைச்சது. நான் பாக்காமல் விட்டது. அருமைநாயகி இந்தப் படலைக்குள்ளை மச்சம் கொண்டு வரேல்லை. நான்தான் அவளைப் பிழையாச் சொன்னனான்."

வேலியோரத்தில் இருந்து அவளுடைய குரல் வந்தது.

"மேளத்திலை கேக்கேல்லை அத்தான். சத்தமாச் சொல்லுங்கோ."

தவில்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். என் தகப்பனார் காலத்தில் இந்தப் படலையில் எங்களைப் பார்த்து இப்படி ஒருவரும் பேசியதில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்பவும் சொன்னேன். ஒழுங்கையின் மறுமுனைவரைக்கும் கேட்டிருக்கும். நான் நினைத்ததைவிடச் சத்தம் கூடிவிட்டது.

குருக்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "பெட்டியள் இப்ப எங்கை?"

"மயிலிட்டியிலை."

"குசினிக்குள்ளை ஏறினதோ?"

"இல்லை. சுவர் மட்டும்தான்."

"சுவர் மச்சம் சாப்பிடாது அருளம்பலத்தார். கற்பூரத்தைக் கொளுத்துங்கோ, காவிற பெடியளின்ரை தோள் கழரப்போகுது."

"ஐயா, இன்னும் மணக்குதெல்லே!" என்றான் தம்பிஐயா.

"உன்ரை காலடியிலை உன்ரை பூனையெல்லோ நிக்குது" என்று கூட்டத்துக்குள் யாரோ சொல்ல, சனம் சிரித்தது. அவனுடைய கடுவன் உண்மையிலேயே அவன் காலடியில்தான் நின்றது.

அருமைநாயகி படலைக்குள் வந்து தட்டைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை. சுவாமியைத் தாங்கிகளில் இறக்கினார்கள். பஞ்சாராத்தி காட்டும்போது எனக்குப் பின்னால், திறந்த கதவுக்குள் இருந்து, "பிள்ளையாரப்பா" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் தகப்பனாரின் படத்துக்குக் கீழே, கட்டிலில் தலையணையைச் சாய்த்துவைத்து, தலையும் வாராமல், கை இரண்டையும் கூப்பிக்கொண்டு என் மனைவி. ஊர் முழுவதும் அவளைப் பார்த்தது. அவளும் ஊரைப் பார்த்தாள்.

தீர்த்தம் முடிந்து கொழும்பு லொறி வந்தது. ரெஜிபோம் தகடுகளை ஒவ்வொன்றாக மாமரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னேன். கதிரையைப் போட்டு இருந்து, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் மணந்து பார்த்துத்தான் சுவருக்கு விட்டேன். ஒழுங்கையால் போனவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சுபாங்கன் கூலி கேட்கவில்லை. நானும் அவனோடு கதைக்கவில்லை. கனடாவில் இருந்து தனோஜன் மூட்டு மூட்டாகக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கீழே தண்ணீர் வடிய இடம் விடச் சொன்னான். அதை முதலே அந்த மடையனுக்குச் சொல்லியிருக்கலாம்.

வேலை முடிந்த அன்று கட்டிலைத் திருப்பித் தூக்க ஆள் பிடித்தேன்.

"நான் வரேல்லை" என்றாள் குணலட்சுமி. "எனக்கு இஞ்சை நல்லாக் கிடக்கு."

"உனக்காகத்தானே அந்தச் சுவர்?"

"ஓம், நல்ல சுவர். நீங்கள் போய்ப் படுங்கோ."

இப்போது என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவளுடைய கட்டில் விளிம்பில் இருந்து இடுப்பு நோவைப் பற்றிக் கதைக்கிறார்கள். அருமைநாயகி அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கிறாள். சேலை மறைப்பு அரைவாசி விலகிக் கிடக்கும். தைல மணம் படங்கள்வரைக்கும் ஏறிவிட்டது. எனக்குக் கதிரை கிடைத்தால் இருப்பேன், இல்லாவிட்டால் நிற்பேன். மேற்கு அறை குளிர்ந்துபோய், சுத்தமாய், ஒரு மணமும் இல்லாமல் கிடக்கிறது. அதற்குள் ஒரு பூனைகூடப் போய்ப் படுப்பதில்லை.